க்ரோ லைட் சுடுகிறது, செடி வாடுகிறது: அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது

"எல்.இ.டி.யில் சூடே இருக்காது" என்று சொல்லித்தான் க்ரோ லைட்டை, அதாவது வீட்டுக்குள் செடி வளர்க்கப் போடும் விளக்கை, விற்கிறார்கள். மாட்டி ஒரு மணி நேரம் கழித்து விளக்கின் முதுகில் கை வைத்தால் கை தானாகப் பின்னால் வருகிறது. உடனே "மட்டமான லைட்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பாதி நேரம் அந்த முடிவு தப்பு. விளக்கின் உடம்புச் சூடு, அறைச் சூடு, இலைச் சூடு மூன்றும் தனித்தனிக் கணக்கு. ஒன்றுக்குப் பார்க்கும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும்.

சென்னை தண்டையார்பேட்டையில் மொட்டை மாடி ஷீட் ரூமில் மைக்ரோகிரீன் (முளைத்ததும் வெட்டிச் சாப்பிடும் குட்டிக் கீரை) தட்டு அடுக்கியிருப்பவர், பெரம்பூரில் சமையலறை அலமாரிக்குள் புதினா வளர்ப்பவர், கொளத்தூரில் செடி வைத்த மீன் தொட்டிக்கு லைட் போட்டிருப்பவர் எல்லோருக்கும் இந்த வரிசை பொருந்தும். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போகலாம். ஆனால் அதற்கு முன் ஓர் அளவு எடுத்தே ஆக வேண்டும்.

முதலில்: உண்மையில் எத்தனை வாட்?

பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருக்கும். வெளிச்சம் தரும் 5 வாட் சிப் 200 இருந்தால் பெருக்கி அப்படி அச்சிடுவார்கள். அந்த சிப்பை அவர்களே 5 வாட்டில் ஓட்டுவதில்லை. ஓட்டினால் ஒரு வாரம் தாங்காது. எனவே சுவரிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் இருந்தால் சுலபம். இல்லையென்றால் வீட்டு இ.பி. மீட்டரே போதும்.

மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ், ஃபேன், வைஃபை பெட்டி எல்லாவற்றையும் அணையுங்கள். இன்வெர்ட்டரை மறக்காதீர்கள், பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் கணக்கு முழுக்கப் பாழ். க்ரோ லைட் மட்டும் எரியட்டும். 10 மினுக்கு எத்தனை வினாடியில் வருகிறது என்று செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் எடுத்து, 10-ஆல் வகுத்தால் ஒரு மினுக்கின் நேரம். 1125-ஐ அந்த வினாடியால் வகுத்தால் வாட். 10 மினுக்குக்கு 115 வினாடி ஆனால் ஒன்றுக்கு 11.5, ஆக விளக்கு இழுப்பது சுமார் 98 வாட். மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125-க்குப் பதில் 2250; 6400 என்றால் 562.5.

கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து 230-ஆல் பெருக்குவது இங்கே உதவாது. டிரைவர் என்பது வீட்டு மின்சாரத்தை சிப்புக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி. மலிவான டிரைவரின் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண்ணில் நிஜ வாட்டின் பங்கு, 0.5, 0.6 வரைகூட இறங்கும். பெருக்கி வரும் எண் நிஜ வாட்டைவிட மிகப் பெரியதாக இருக்கும்.

அறிகுறி: முதுகில் கை வைக்க முடியவில்லை

அலுமினிய முதுகு சுடுவது பெரும்பாலும் நல்ல செய்தி. சிப்பில் பிறக்கும் சூடு வெளியே வந்து சேர்கிறது என்று அர்த்தம். முதுகு ஆறியிருக்க, சிப் இருக்கும் முகப்பு மட்டும் கொதித்தால்தான் கவலைப்பட வேண்டும். சூடு உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.

அளப்பது எப்படி? சூடு நிலைபெற 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை பொறுங்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நேராக அலுமினியத்தில் காட்டினால் பொய் சொல்லும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் குறைவாகவே கதிராக வெளிவிடும், எதிரில் இருக்கும் சுவரின் சூட்டைப் பிரதிபலிக்கும். 65 டிகிரி இருக்கும் இடத்தில் 40 என்று காட்டுவதெல்லாம் சகஜம். ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, இரண்டு நிமிடம் விட்டு, அந்த டேப்பின் மேல் காட்டுங்கள்.

வந்த எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள். அறையின் வெப்பத்தைக் கழியுங்கள். அறை 30, முதுகு 55 என்றால் ஏற்றம் 25. இந்த ஏற்றம்தான் விளக்கின் குணம். மார்கழியிலும் அக்கினி நட்சத்திரத்திலும் ஏறக்குறைய அதேதான் இருக்கும். மே மாதம் ஷீட் ரூம் 40-ஐத் தொட்டால் அதே விளக்கின் முதுகு 65. ஏற்றம் 25–30-க்குள் இருந்தால் நம் ஊருக்கு ஏற்ற விளக்கு. 40-ஐத் தாண்டினால், குளிர் நாட்டுக்காரருக்கு அது ஓடும். ராயபுரத்தில் மாடி ரூமில் ஓடாது.

டிரைவரின் மேல் "Tc" என்று ஒரு புள்ளியும் அதிகபட்ச வெப்பமும் அச்சிட்டிருக்கும். அங்கேயும் டேப் ஒட்டி அளவெடுங்கள். டிரைவரில் முதலில் சாவது எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர். அதன் கணக்கு எளிது: 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 5000 மணி நேரம் என்று குறித்த கெப்பாசிட்டர் 95-இல் 10,000 மணி நேரம் ஓடும். தினம் 14 மணி நேரம் போட்டால் இரண்டு வருடம்கூட வராது. 75-இல் 40,000 மணி நேரம், ஏழு வருடத்துக்கு மேல். வித்தியாசம் வெறும் 20 டிகிரி. டிரைவரை விளக்கின் முதுகிலிருந்து கழற்றி, ஓரடி தள்ளிச் சுவரில் தனியாக மாட்டினாலே பல நேரம் இந்த 20 கிடைத்துவிடும். நீட்டும் வயர் விளக்கு இழுக்கும் ஆம்பியருக்குப் போதுமான கனத்தில் இருக்கட்டும்.

அறிகுறி: போட்டதும் பளிச், அரை மணியில் மங்கல்

கண்ணை நம்ப வேண்டாம், கண் பழகிவிடும். செல்போனை விளக்கின் கீழ் ஒரே இடத்தில், சென்சார் மேலே பார்க்க வைத்து, வெளிச்சம் அளக்கும் லக்ஸ் ஆப்பில் 1-வது நிமிடமும் 60-வது நிமிடமும் எண்ணைக் குறியுங்கள். ஆப் காட்டும் எண் சரியாக இருக்கத் தேவையில்லை. ஒரே போன், ஒரே இடம் என்றால் ஒப்பிடப் போதும். 5 சதவீதம் இறங்கினால் இயல்பு. 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். 15-ஐத் தாண்டினால் சூடு வெளியேறும் பாதையில் எங்கோ அடைப்பு, அல்லது டிரைவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கரண்ட்டைக் குறைக்கிறது.

எது என்று பிரிக்க வேண்டும். மங்கிய நிலையில் மீண்டும் மீட்டர் மினுக்கை எண்ணுங்கள். வாட்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் டிரைவர்தான் குறைக்கிறது: அதற்குக் காற்றோட்டம் கொடுங்கள், தள்ளி வையுங்கள். வாட் ஏறக்குறைய அப்படியே இருந்து வெளிச்சம் மட்டும் விழுந்திருந்தால், சிப் கொதிக்கிறது.

சிப் கொதித்தால் பெரும்பாலும் காரணம் சிப் பதித்த பலகைக்கும் ஹீட் சிங்குக்கும் (சூட்டை வெளியே விடும் அலுமினிய முதுகு) நடுவே இருக்கும் இடைவெளி. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். லென்ஸ் அல்லது முகப்புத் தகட்டைக் கழற்றி, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைப் பலகையின் மேல் குறுக்கே வையுங்கள். நான்கு மூலையில் மட்டும் ஸ்க்ரூ போட்ட பலகை நடுவில் அப்பளம் மாதிரி லேசாக உப்பியிருக்கும். ஓரத்தில் ஒரு ஏ4 தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் காற்று இருக்கிறது. காற்றைப் போல மோசமான சூடு கடத்தி கிடையாது.

பலகையை எடுத்தால் சூடு கடத்தத் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிரும். சில விளக்குகளில் நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு மிச்ச இடத்தை வெறுமையாகவே விட்டிருப்பார்கள். சில விளக்குகளில் பேஸ்ட்டே இருக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு இரண்டு பக்கமும் துடையுங்கள். புது பேஸ்ட்டைப் பழைய ஏ.டி.எம். கார்டால் இழுத்து, கீழே உலோகம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள். பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றுவது போல் ஊற்றக் கூடாது. பேஸ்ட்டின் வேலை மேடு பள்ளத்தை நிரப்புவது மட்டும், கனமானால் அதுவே தடுப்பாகிவிடும். ஒரே பெரிய மஞ்சள் சிப் உள்ள விளக்கென்றால் நடுவில் ஓர் அரிசி மணி அளவு வைத்து அழுத்தினால் போதும். ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். உப்பிய பலகைக்கு நடுவில் இரண்டு துளை காலியாக இருந்தால் அங்கேயும் ஸ்க்ரூ போடுங்கள். தலையும் துளை ஓரமும் தாமிரத் தடத்தைத் தொடாமல் இருக்க நைலான் வாஷர் வேண்டும்.

இன்னொன்று. சூட்டில் நீலத்தையும் வெள்ளையையும்விட சிவப்பு சிப்தான் அதிகமாக மங்கும். சிவப்பு செய்யும் பொருள் வேறு. ஆகவே கொதிக்கும் விளக்கில் வெளிச்சம் குறைவதோடு நிறமும் நீலப் பக்கம் சாய்கிறது. புதிதாக வாங்கியபோது பார்த்த ரோஸ் நிறம் இப்போது ஊதாவாகத் தெரிந்தால் இதையும் சந்தேகியுங்கள்.

எச்சரிக்கை: தனி டிரைவர் இல்லாமல், சிப் இருக்கும் பலகையிலேயே மின்சுற்று இருக்கும் மலிவு விளக்குகளில் அந்தப் பலகை முழுக்க நேரடி 230 வோல்ட்டில் இருக்கும். பிளக்கில் இருக்கும்போது முகப்பைக் கழற்றவே கூடாது.

அறிகுறி: அறை தாங்க முடியாத சூடு

இங்கே விளக்கின் தரம் பேசிப் பயனில்லை. 200 வாட் இழுத்தால் 200 வாட்டும் கடைசியில் அறைச் சூடாகத்தான் மாறும். உடம்பில் சூடாக வருவது உடனே. வெளிச்சமாகப் போவது இலையிலும் சுவரிலும் பட்டுச் சூடாவது அடுத்த நொடி. குண்டு பல்பு, சோடியம் விளக்கு, எல்.இ.டி. எதுவானாலும் வாட்டுக்கு வாட் ஒரே சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறக்குறைய 100 வாட் சூட்டை விடுகிறார். 200 வாட் விளக்கு என்றால் அறையில் இரண்டு ஆள் கூடுதலாக உட்கார்ந்த மாதிரி. ஒரு டன் ஏ.சி.யின் வேலையில் அது 6 சதவீதம்கூட இல்லை. ஷீட் ரூம் கொதிப்பது முக்கால்வாசி ஷீட்டால்தான்.

அப்படியானால் நல்ல விளக்கால் என்ன லாபம்? ஒரே வெளிச்சத்துக்குக் குறைந்த வாட் போதும், அதுதான் லாபம். செடிக்கு வேண்டிய ஒளித்துகளை மைக்ரோமோலில் எண்ணுவார்கள். ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் என்பதே விளக்கின் மைலேஜ். ஊதா நிறத்தில் எரியும் பழைய மலிவு விளக்கு 1.2 தருகிறது என்று வைப்போம். நல்ல வெள்ளை சிப்போடு சிவப்பு சேர்த்த பலகை 2.6 தருகிறது. இரண்டும் 98 வாட் இழுத்தாலும் முதலாவது தருவது வினாடிக்கு 118 மைக்ரோமோல், இரண்டாவது 255. அந்த 118 போதுமென்றால் இரண்டாவதை டிம்மரில் 45 வாட்டுக்கு இறக்கிவிடலாம். அறைச் சூடு பாதிக்கும் கீழே.

இதிலேயே ஒரு குறுக்கு வழிக் கணக்கும் இருக்கிறது: மைலேஜை 20-ஆல் பெருக்கினால் எத்தனை சதவீதம் மின்சாரம் வெளிச்சமாகப் போகிறது என்று சுமாராகத் தெரியும். 1.2 என்றால் 24. மிச்சம் 76 விளக்கின் உடம்பிலேயே நிற்கிறது. 2.6 என்றால் 52. சாதாரண 9 வாட் வெள்ளை பல்பு 1.4 பக்கம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நாற்றுக்கு அதுவே போதுமானவர்கள் நிறைய.

பெட்டியில் சாம்சங் எல்.எம்.301 சிப் என்று போட்டிருந்தால் மட்டும் 2.6 வந்துவிடாது. சிப் விவரத்தாளில் இருக்கும் எண் 65 மில்லி ஆம்பியர் கரண்ட்டில், சிப் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. குறைந்த சிப்பைப் போட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மடங்கு கரண்ட் விட்டால் மைலேஜ் இறங்கும், சூடு ஏறும். ஒரே வாட்டில் இரண்டு விளக்கு என்றால் சிப் எண்ணிக்கை அதிகமாக இருப்பதை எடுங்கள்.

அறைக்குச் செய்ய வேண்டியது இரண்டு. விளக்கு நேரத்தை ராத்திரிக்கு மாற்றுங்கள்: மாலை 6-க்குப் போட்டு காலை 8-க்கு அணைத்தால் 14 மணி நேரம், ஷீட் கொதிக்கும் நேரத்தில் விளக்கும் சேராது. சூரிய வெளிச்சம் எட்டாத அறையில் ராத்திரியைப் பகலாக்குவதில் செடிக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்து, மூடிய ரேக் அல்லது டென்ட் என்றால் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன். உள்ளே வெளியைவிட 3 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாதென்றால் 200 வாட்டுக்கு மணிக்கு சுமார் 200 கனமீட்டர் காற்று வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் இந்த எண் இருக்கும். பைப்பும் வலையும் போட்டால் குறையும், ஒன்றரை மடங்கு பார்த்து வாங்குங்கள். இழுத்த காற்றை அதே அறையில் விட்டால் டென்ட் தப்பிக்கும், அறை தப்பிக்காது.

அறிகுறி: நாற்று தென்னங்கீற்று மாதிரி நீண்டு சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை. சூடு அதிகமிருந்து வெளிச்சம் குறைவாக இருந்தால் இன்னும் வேகமாக நீளும். விளக்கை இறக்கலாமா என்றால், லக்ஸ் பாருங்கள். வெள்ளை விளக்குக்கு லக்ஸை 67-ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்று சுமாராக வரும். 15,000 லக்ஸ் என்றால் 220 பக்கம். ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, சிவப்பையும் நீலத்தையும் அது மிகக் குறைவாகவே கணக்கில் எடுக்கும்.

மைக்ரோகிரீனுக்கும் கீரை நாற்றுக்கும் 100 முதல் 200, லெட்யூஸுக்கு 200–250, துளசி, புதினாவுக்கு 250–300, மிளகாய், தக்காளி காய்க்க 400-க்கு மேல். 220-ஐ 14 மணி நேரம் கொடுத்தால் ஒரு நாள் கூட்டு 11 மோல் (ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்). கீரைக்குத் தாராளம், தக்காளிக்குப் போதாது.

நடுவில் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி தட்டில் மூன்றுக்கு மூன்று என ஒன்பது இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். ஓரத்தில் வருவது சராசரியில் பாதிக்கும் கீழே என்றால் விளக்கு சின்னது அல்லது லென்ஸ் குறுகலானது. இரண்டு விளக்கை ஒப்பிடுவதும் இப்படித்தான்: இரண்டும் வெள்ளை, ஒரே உயரம், ஒரு மணி நேரம் எரிந்த பிறகு ஒன்பது புள்ளி சராசரி, அதைச் சுவரில் இழுத்த வாட்டால் வகுக்க வேண்டும். வெற்றி யாருக்கு என்று எண்ணே சொல்லிவிடும்.

அறிகுறி: மேல் இலை வெளுக்கிறது, ஓரம் கருகுகிறது

சூடு என்று நினைத்து ஃபேனை வைப்பார்கள், வெளுப்பு நிற்காது. இலையில் டேப் ஒட்ட வேண்டாம், இலை உலோகம் மாதிரி பளபளக்காது, தெர்மாமீட்டரை நேரே காட்டலாம். விளக்கை அணைத்த உடன் காட்டுங்கள். இலை அறையின் வெப்பத்தை ஒட்டியே இருந்து மேல் இலை மட்டும் வெளுத்தால், அது வெளிச்சம் கூடிப்போனதால். விளக்கைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள் அல்லது டிம்மரைக் கால் பங்கு இறக்குங்கள். பலகை விளக்கில் தூரத்தை இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும் என்ற பள்ளிக்கூடக் கணக்கு கிட்டத்தில் பலிக்காது, அளந்தே பாருங்கள்.

இலை அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருந்து ஓரம் மேல்பக்கம் சுருண்டால் சூடு. குருத்து இலையின் நுனி மட்டும் பழுப்பாகக் கருகினால் இரண்டும் இல்லை, அதிலும் லெட்யூஸில். அது சுண்ணாம்புச் சத்து குருத்துக்குப் போய்ச் சேராததால். சத்து நீரோட்டத்தோடுதான் போகும், இலை நீரை ஆவியாக விட்டால்தான் நீரோட்டம். கடலோரத்தின் ஈரக் காற்றில், அசையாத மூலையில் ஆவி போகாது. இலை லேசாகத் தலையாட்டும் அளவுக்குச் சின்ன ஃபேனைக் குறுக்காக வையுங்கள். இங்கேதான் ஃபேன் மருந்து.

அறிகுறி: தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது

இரண்டு பின் பிளக் அல்லது எர்த் இல்லாத பிளக் பாயின்ட். டிரைவருக்குள் இரைச்சல் வடிகட்ட ஒரு சின்ன கெப்பாசிட்டர் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு 100–120 வோல்ட் பக்கம் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் சுருக். ஆனால் நிஜமான ஒழுக்கும் தொட்டுப் பார்க்க இப்படித்தான் இருக்கும். ஈரக் கையோடு தட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் "பரவாயில்லை" என்று விடக் கூடாது.

மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து விளக்கு உடம்புக்கும் பிளக் பாயின்ட்டின் நியூட்ரல் (டெஸ்டர் எரியாத) துளைக்கும் நடுவே அளவெடுங்கள். மூன்று கோர் வயர் போட்டு, உடம்பில் பெயின்ட்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷரோடு எர்த்தை ஸ்க்ரூவில் கட்டினால் அது 1–2 வோல்ட்டுக்கு விழ வேண்டும். விழவில்லையா, சுவரில் எர்த்தே செத்திருக்கிறது. ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பது புதிதல்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் கட்டியதும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் ஒழுகினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தால் விளக்கில் நிஜ ஒழுக்கு. மறுபடி மாட்டாதீர்கள்.

அறிகுறி: ஒரு வரிசை அணைந்தது, அல்லது மினுக்குகிறது

சிப்கள் தொடராக இருப்பதால் ஒன்று செத்தால் வரிசை முழுக்க அணையும். பிளக்கைப் பிடுங்கி, பூதக்கண்ணாடியில் பார்த்தால் செத்த சிப்பின் மஞ்சளில் கறுப்புப் புள்ளி தெரியும். தெரியாவிட்டால் மல்டிமீட்டரை டயோடு முனையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். நல்ல சிப் மங்கலாக எரியும். செத்த சிப்பின் இரண்டு முனையையும் இணைத்து ஓட்டுவது ஒரே வரிசை விளக்கில் நடக்கும். பல வரிசை இணையாக இருந்தால் வேண்டாம். அந்த வரிசை மட்டும் அதிகக் கரண்ட் குடித்து அடுத்தடுத்துச் சாகும்.

மினுக்கு என்றால் செல்போனில் ஸ்லோ மோஷன் எடுங்கள். கோடு கோடாக ஓடினால் வினாடிக்கு 100 தடவை துடிக்கிறது, மலிவு டிரைவர். செடிக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்குத்தான் தலைவலி. கண்ணுக்கே தெரியும்படி விட்டு விட்டு எரிந்தால் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கும், இல்லையேல் கனெக்டர் லூஸ். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் டிரைவர் இரைந்தால் இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. அந்த நேரத்துக்கு விளக்கை அணைத்து வைப்பது மேல். இரண்டு மணி நேர இருட்டில் செடிக்கு ஒன்றும் ஆகாது.

அறிகுறி: அலுமினியத்தில் வெள்ளைப் பூ, ஃபேன் கரகரப்பு

காசிமேடு, திருவொற்றியூர் காற்றில் உப்பு. எண்ணூர் பக்கம் சாம்பல் தூசும் சேரும். தூசு ஈரம் இழுக்கும், உப்பு அரிக்கும். ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் தூசு படிந்தாலே சூடு ஏற்றம் கூடும். மாதம் ஒரு முறை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். துரு பிடித்த இரும்பு ஸ்க்ரூவுக்குப் பதில் எஸ்.எஸ். ஸ்க்ரூ. வயர் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு இருந்தால் வெட்டி எறிந்து புதுத் தாமிரத்தில் கட்டுங்கள். களிம்பேறிய மூட்டுதான் உருகும்.

ஃபேன் உள்ள விளக்கு இந்த ஊருக்கு உகந்ததில்லை என்பது எங்கள் கருத்து. ஃபேன் நின்ற பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சில நிமிடத்தில் சிப் வெந்துவிடும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒரு ஃபேன் கூடுதலாக வாங்கி வையுங்கள். ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் ஃபேன் அளவிலேயே கிடைக்கும். வோல்ட்டும் காற்று போகும் திசையும் பழையதைப் பார்த்துப் போடுங்கள், தலைகீழாக மாட்டினால் சுடுகாற்று சிப் மேலேயே அடிக்கும்.

அறிகுறி: மீன் தொட்டித் தண்ணீர் சுடுகிறது

கொளத்தூரில் தொட்டி வாங்கி, கண்ணாடி மூடிமேல் லைட்டைப் படுக்க வைப்பதுதான் வழக்கம். உடம்புச் சூடு நேரே தண்ணீருக்கு இறங்கும். கோடையில் தண்ணீர் ஏற்கெனவே 30-க்கு மேல். விளக்கைக் கால் வைத்து 10 சென்டிமீட்டர் தூக்குங்கள், மூடியைத் திறந்து வலை போடுங்கள், சின்ன ஃபேன் நீர்மட்டத்தின் மேல் குறுக்காக அடிக்கட்டும். ஆவியாவதால் இரண்டு டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அவ்வளவு வராது. ஆவியான அளவுக்குத் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும். நேரத்தையும் 6–8 மணிக்குக் குறையுங்கள். 12 மணி நேரம் எரிந்தால் செடியைவிடப் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

கரண்ட் பில், மழை

100 வாட், 14 மணி நேரம், 60 நாள்: 84 யூனிட். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் நல்ல பங்கு இதற்கே போய்விடும். 45 வாட்டுக்கு இறக்கினால் 38.

ஐப்பசி பிறந்ததும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தரைத்தளத்தில் முட்டளவு தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்கள் இடுப்பளவுக்கு மேலேதான் பிளக் போடுவார்கள். வயரை நேராகப் பிளக்குக்கு இழுக்காமல், பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றுங்கள். வயர் வழியாக ஓடி வரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.